நாள்பட்ட நோயுள்ள பணியாளர்கள்: நிறுவனம் முதலில் எதில் பணம் போடலாம்?

ஆண்டு பட்ஜெட் போடும் நேரம் வந்தால் மனிதவளப் பிரிவில் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி இது: "எங்கள் ஆட்களில் சர்க்கரை, ரத்த அழுத்தம், முதுகுவலி, ஒற்றைத் தலைவலி, மனச்சோர்வு என்று நாள்பட்ட சிக்கல் உள்ளவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். நலத் திட்டத்துக்கு என்று ஒரு தொகை இருக்கிறது. வெல்னஸ் பேக்கேஜ் விற்கிறவர் ஒரு பக்கம் நிற்கிறார். செவிலியர் போன் செய்து நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் சேவை இன்னொரு பக்கம். மருந்துச் செலவை நாமே ஏற்றுக்கொண்டால் என்ன என்று ஒருவர் கேட்கிறார். பணியாளர்களோ, வேலை நேரத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள், அது போதும் என்கிறார்கள். நான்கையும் செய்ய வசதி இல்லை. எதை எடுப்பது?"

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கில் அதிகம் விற்பனையாவது வெல்னஸ் பேக்கேஜ். கடுமையான ஆய்வுகளில் அதிகம் அடிவாங்கியதும் அதுதான். அதற்காக மற்ற மூன்றும் எல்லா இடத்திலும் பலிக்கும் என்று அர்த்தமில்லை. ஒவ்வொன்றும் பலிக்கிற இடம் வேறு.

## இழப்பு எங்கே இருக்கிறது

நோயால் இழப்பு என்றதும் நம் கணக்கில் வருபவை இரண்டு: லீவு நாட்கள், மருத்துவச் செலவு. மூன்றாவது ஒன்று உண்டு. ஆள் வேலைக்கு வந்திருப்பார், இருக்கையிலும் இருப்பார், வேலை மட்டும் பாதிதான் நகரும். ஆய்வாளர்கள் இதை பிரசன்டீயிசம் என்கிறார்கள். இங்கே சுருக்கமாக மந்தம் என்கிறேன். வருகைப் பதிவேட்டில் இது தெரியாது.

2003இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, தலைவலி, முதுகுவலி, மூட்டுவலி போன்ற சாதாரண வலிகளால் அமெரிக்கத் தொழிலாளர்கள் இழக்கும் வேலைநேரத்தைப் பணமாகக் கணக்கிட்டது. ஆண்டுக்கு 6,120 கோடி டாலர். அதில் 76.6 சதவீதம், வேலைக்கு வந்த பிறகு வேகம் குறைந்ததால் வந்த இழப்பு. லீவு போட்டதால் வந்தது மிச்சம் மட்டுமே. 2005இல் டவ் கெமிக்கல் நிறுவனத்தின் பணியாளர்களை வைத்துச் செய்த ஆய்வில், சுமார் 65 சதவீதத்தினருக்கு ஒரு நாள்பட்ட நோயாவது இருந்தது. மருத்துவச் செலவு, லீவு, மந்தம் மூன்றையும் சேர்த்தால் நிறுவனத்தின் மொத்த ஊழியச் செலவில் 10.7 சதவீதம் இதற்கே போனது. அந்த 10.7இல் 6.8 சதவீதப் புள்ளிகள் மந்தத்தின் பங்கு.

திட்டம் விற்பவர்கள் முதல் ஸ்லைடில் காட்டுவது இந்த மாதிரி எண்களைத்தான். திசையைப் பொறுத்தவரை இவை சரி. அளவைப் பொறுத்தவரை கொஞ்சம் நிதானம் வேண்டும். 2010இல் கனடாவில் ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். மூட்டுவாதம் உள்ள அதே ஆட்களிடம் நான்கு வெவ்வேறு கேள்வித்தாள்களைக் கொடுத்து, இரண்டு வாரத்தில் மந்தத்தால் எத்தனை மணி நேரம் போனது என்று கணக்கிட்டார்கள். ஒரு கேள்வித்தாள் 1.6 மணி என்றது. இன்னொன்று 4.0. மூன்றாவது 13.5. நான்காவது 14.2. அதே ஆட்கள், அதே நோய், ஏறத்தாழ ஒன்பது மடங்கு வித்தியாசம்! ஆகவே "நோயால் உங்களுக்கு இத்தனை கோடி நஷ்டம்" என்று யார் சொன்னாலும், எந்தக் கேள்வித்தாளை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்காமல் அந்த எண்ணை பட்ஜெட்டில் ஏற்றாதீர்கள்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. சர்க்கரையால் இவ்வளவு, முதுகுவலியால் இவ்வளவு, மனச்சோர்வால் இவ்வளவு என்று தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டுவார்கள். மூன்றும் ஒருவருக்கே இருந்தால் அவர் இழந்த ஒரே மணி நேரம் மூன்று முறை எண்ணப்படுகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து அளவுகோல்கள் வைத்துக்கொள்ளலாம்.

யாரைப் போய்ச் சேருகிறது? நோயுள்ளவரையா, ஏற்கெனவே காலையில் ஓடப் போகிறவரையா?

எந்த இழப்பைத் தொடுகிறது? மருத்துவச் செலவு, லீவு, மந்தம் இந்த மூன்றில் எது குறையும் என்று திட்டம் சொல்கிறது, உண்மையில் எது குறைகிறது?

மிச்சம் யார் பைக்குப் போகிறது? இதைப் பலரும் கேட்பதே இல்லை. இந்தத் துறையின் பெரிய ஆய்வுகளில் பல, நிறுவனமே பணியாளரின் மருத்துவச் செலவைச் சுமக்கும் அமெரிக்க ஏற்பாட்டில் நடந்தவை. அங்கே ஒருவர் ஆஸ்பத்திரியில் படுக்காமல் தப்பினால் நிறுவனத்துக்கு நேரடி லாபம். மருத்துவச் செலவை அரசோ, காப்பீட்டு நிறுவனமோ, பணியாளரோ ஏற்கும் இடத்தில் அந்த லாபம் உங்கள் கணக்குக்கு வராது. உங்களுக்கு மிஞ்சுவது லீவிலும் மந்தத்திலும் குறைவது மட்டுமே.

ஆதாரம் எந்த வகை? சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் ஆட்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டதா, இல்லை தானாக முன்வந்து சேர்ந்தவர்களைச் சேராதவர்களோடு ஒப்பிட்டதா? இந்த ஒன்றிலேயே பல திட்டங்களின் சாயம் வெளுக்கிறது.

விலைப்பட்டியலில் வராத செலவு எது? நோயை வெளியே சொல்ல வேண்டிய நிலை, மேற்பார்வையாளரின் நேரம், சக ஊழியர் மேல் விழும் பாரம், தனியுரிமை.

## வழி 1: எல்லோருக்குமான வெல்னஸ் திட்டம்

உடல் பரிசோதனை, நடைப் போட்டி, எடைக் குறைப்பு, புகை நிறுத்தப் பயிற்சி, ஜிம் சலுகை, சேர்ந்தால் பரிசு. உருவம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

2010இல் 'ஹெல்த் அஃபேர்ஸ்' இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு, இதற்குப் பெரிய வாசலைத் திறந்துவிட்டது. போட்ட ஒவ்வொரு டாலருக்கும் மருத்துவச் செலவில் 3.27 டாலரும், லீவு இழப்பில் 2.73 டாலரும் திரும்பக் கிடைக்கிறது என்றது அது. அந்த எண்கள் இன்றும் விற்பனைத் தாள்களில் உலவுகின்றன.

பிறகு வந்தது இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சோதனை. 2016இல் தொடங்கியது. 4,834 பணியாளர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் 3,300 பேருக்குத் திட்டம் கிடைத்தது, மீதிப் பேருக்குக் கிடைக்கவில்லை. யாருக்குக் கிடைக்கும் என்பதைக் குலுக்கல்தான் தீர்மானித்தது. இரண்டு ஆண்டு தரவைப் பார்த்தால் மருத்துவச் செலவிலோ, லீவிலோ, வேலைத்திறனிலோ, உடற்பயிற்சியிலோ சொல்லும்படி மாற்றம் இல்லை. கூடியவை இரண்டு: பரிசோதனை செய்துகொண்டவர்களின் எண்ணிக்கை, "நிர்வாகத்துக்கு நம் உடல்நலத்தில் அக்கறை உண்டு" என்ற எண்ணம்.

இந்த ஆய்வின் அழகு அடுத்த படியில் இருக்கிறது. அதே தரவை எடுத்து, குலுக்கலை மறந்துவிட்டு, பழைய பாணியில் பங்கேற்றவர்களைப் பங்கேற்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உடனே திட்டம் பிரமாதம் என்று தெரிந்தது! காரணம் எளிது. பங்கேற்றவர்கள் திட்டம் தொடங்கும் முன்பே குறைவான மருத்துவச் செலவு உள்ளவர்கள். திட்டம் அவர்களை மாற்றவில்லை. அப்படிப்பட்டவர்கள்தான் வந்து சேர்ந்தார்கள்.

2019இல் 'ஜாமா'வில் வந்த இன்னொரு குலுக்கல் சோதனை பிஜேஸ் ஹோல்சேல் கிளப் என்ற சில்லறை வணிக நிறுவனத்தில் நடந்தது. 160 கிளைகள், கிட்டத்தட்ட 33,000 பணியாளர்கள். 18 மாதத்தில், தவறாமல் உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னவர்களின் விகிதம் 8.3 சதவீதப் புள்ளிகள் கூடியது. எடையைக் கவனிப்பதாகச் சொன்னவர்கள் 13.6 புள்ளிகள் கூடினார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை போன்ற அளவீடுகளிலும், செலவிலும், லீவிலும், வேலை மதிப்பீட்டிலும் வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வை எழுதிய இருவரில் ஒருவரான கேத்தரின் பெய்க்கர், 2010 தொகுப்பாய்வின் முதல் ஆசிரியர் என்பதையும் சொல்ல வேண்டும். தன் பழைய முடிவை உரசிப் பார்க்கத் தானே பெரிய சோதனை நடத்துவது எல்லாத் துறையிலும் நடப்பதில்லை.

மறைந்த செலவு: பரிசோதனை முடிவுகள் யார் கையில் போகின்றன என்ற பயம். பரிசுத் தொகை பெரும்பாலும் நோயில்லாதவர்களுக்கே போவது. மூட்டுவாதம் உள்ளவருக்கு 10,000 அடி நடைப் போட்டியின் முடிவுப் பலகை ஒவ்வொரு வாரமும் சொல்லும் செய்தி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

இது சரியான தேர்வாகும் இடமும் உண்டு. யாருக்கு என்ன நோய் என்றே தெரியாத, மருத்துவரைப் பார்த்தே பழக்கமில்லாத பணியாளர் கூட்டம் என்றால் பரிசோதனை முகாமாவது பயன்தரும். ஆனால் நோய் கண்டுபிடித்த பிறகு அடுத்து எங்கே போவது என்ற வழியும் சேர்ந்தே இருக்க வேண்டும். பணியாளர் மனநிறைவுக்காகச் செய்கிறோம், லாபம் எதிர்பார்க்கவில்லை என்று நேர்மையாகச் சொன்னாலும் ஆட்சேபம் இல்லை.

## வழி 2: நோய் மேலாண்மைச் சேவை

இது நோய் இருப்பவர்களுக்கு மட்டும். செவிலியரோ ஆலோசகரோ அடிக்கடி பேசுவார். மருந்து ஒழுங்காகப் போகிறதா, பரிசோதனை எப்போது, அறிகுறி மோசமானால் என்ன செய்வது என்று கூடவே வருவார்.

பெப்சிகோவின் திட்டத்தை ஏழு ஆண்டுத் தரவை வைத்து ரேண்ட் ஆய்வு நிறுவனத்தினர் அலசி, 2014 ஜனவரியில் வெளியிட்டார்கள். அந்தத் திட்டத்தில் வெல்னஸ் பகுதியும் இருந்தது, நோய் மேலாண்மைப் பகுதியும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்த்தபோது, நோய் மேலாண்மையில் போட்ட ஒவ்வொரு டாலருக்கும் 3.80 டாலர் திரும்பியது. வெல்னஸ் பகுதியில் போட்ட டாலருக்கு 50 சென்ட். அதாவது பாதி நஷ்டம். நோய் மேலாண்மையில் இருந்த ஒருவருக்கு மாதம் 136 டாலர் மிச்சம், அதுவும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்வது குறைந்ததால். இது குலுக்கல் சோதனை இல்லை, ஒத்த ஆட்களைத் தேடிப் பொருத்தி ஒப்பிட்டது. ஆகவே 3.80ஐக் கொஞ்சம் தள்ளுபடியோடு எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பகுதிக்கும் இடையில் உள்ள இடைவெளியே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மனச்சோர்வில் ஆதாரம் இன்னும் உறுதி. 2007இல் 'ஜாமா'வில் வந்த குலுக்கல் சோதனையில் மனச்சோர்வு உள்ள 604 பணியாளர்கள். ஒரு பாதிக்கு வழக்கமான ஏற்பாடு. இன்னொரு பாதிக்குத் தொலைபேசியில் ஒருவர் தொடர்ந்து பேசி, சிகிச்சைக்குப் போக ஊக்கம் கொடுத்து, நேரில் போக மறுத்தவர்களுக்குத் தொலைபேசியிலேயே உளவியல் சிகிச்சையும் தந்தார். ஓராண்டில் இந்த இரண்டாவது பாதியினர் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் அதிகமாக வேலை செய்த கணக்கு வந்தது. வேலையை விட்டுப் போனவர்களும் குறைவு. மனச்சோர்வு மந்தமாக வெளிப்படும் நோய். அதைத் தொட்டால் மந்தமும் குறைகிறது.

எதிர்ப்பக்கமும் கேளுங்கள். அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் நடந்த இதுபோன்ற சோதனைகளை, நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் 2012இல் தொகுத்துப் பார்த்தது. சராசரியாக ஆஸ்பத்திரிச் சேர்க்கையோ செலவோ பெரிதாகக் குறையவில்லை. சேவைக் கட்டணத்தைக் கழித்தால் மிச்சமே இல்லை. கவனிப்பவர் நோயாளியை நேரில் பார்த்து, சிகிச்சை தரும் மருத்துவரோடும் நேரடித் தொடர்பு வைத்திருந்த திட்டங்கள்தான் ஓரளவு தேறின. வெறும் போன் அழைப்பு விற்பவர்களிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

இந்தச் சேவையின் அறிக்கைகளில் ஒரு மாயம் உண்டு. போன ஆண்டு அதிகச் செலவு வைத்த 100 பேரைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பார்கள். இந்த ஆண்டு அவர்களின் செலவு குறையும். பார்த்தீர்களா, 30 சதவீதம் குறைந்துவிட்டது என்பார்கள். ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தாலும் அவர்களில் பலரின் செலவு குறைந்திருக்கும். அறுவைச் சிகிச்சை ஒவ்வோர் ஆண்டும் வருவதில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாத "முன்பு, பின்பு" படத்தை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இந்த வழியின் மறைந்த செலவு, நிறுவனத்தின் பேரில் ஒருவர் தன் நோயைப் பற்றிக் கேட்கிறார் என்ற கூச்சம். சேவை நடத்துபவர் வெளியாள் என்பதும், தனிநபர் விவரம் நிர்வாகத்துக்கு வராது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேருபவர்கள் குறைவு, அதிலும் மனச்சோர்வு உள்ளவர்கள் வரவே மாட்டார்கள்.

## வழி 3: மருந்துச் செலவை ஏற்பது

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். நாள்பட்ட நோயில் பலர் தடுமாறுவது மருந்தைத் தொடர்வதில். விலை ஒரு தடையாக இருந்தால் அதை நீக்குவது நியாயமான யோசனை.

2011இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த குலுக்கல் சோதனையில், மாரடைப்பு வந்தவர்களில் ஒரு பாதிக்குத் தடுப்பு மருந்துகள் இலவசம். மருந்தை ஒழுங்காக எடுப்பது 4 முதல் 6 சதவீதப் புள்ளிகள் கூடியது. மருந்தே இலவசம் என்றபோதும் அவ்வளவுதான். ஆய்வு முதன்மையாகப் பார்த்த விளைவில் தெளிவான வித்தியாசம் இல்லை. ஆனால் மொத்த மருத்துவச் செலவும் கூடவில்லை, நோயாளியின் பையிலிருந்து போனது குறைந்தது. அமெரிக்காவின் ஆஷ்வில் நகரில் 1990களின் பிற்பகுதியில், நகராட்சிப் பணியாளர்களில் சர்க்கரை நோயாளிகளுக்கு மருந்துக் கடைக்காரர்களே ஆலோசகர்களாக இருந்தார்கள். சர்க்கரை அளவும் லீவும் குறைந்ததாக அறிக்கை வந்தது. அங்கே மருந்துச் சலுகையோடு ஆளும் பேசினார். ஒப்பீட்டுக் குழு இல்லாததால் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

என் கணிப்பில் இது தனியாக நிற்கும் திட்டம் இல்லை. குறைந்த சம்பளப் பணியாளர்கள் மருந்தைப் பாதியில் நிறுத்துகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் இதுவே முதல் தேர்வாகலாம். மற்ற இடங்களில் வழி 2இன் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். நோயை மேலதிகாரியிடம் சொல்ல வேண்டிய தேவை இல்லாதது இதன் பெரிய பலம்.

## வழி 4: ஆளை விட்டுவிட்டு வேலையை மாற்றுவது

முதல் மூன்று வழிகளும் பணியாளரின் உடம்பை நோக்கியவை. இது வேலையை நோக்கியது. நேரத்தைத் தளர்த்துவது, சில நாள் வீட்டிலிருந்து வேலை, நாற்காலி மேசை மாற்றம், தூக்கும் பாரத்தைக் குறைப்பது, நீண்ட லீவுக்குப் பிறகு படிப்படியாகத் திரும்புவது, மருத்துவரைப் பார்க்கப் போகக் கெஞ்ச வேண்டாத அனுமதி.

நெதர்லாந்தில் நடந்து 2010இல் 'பிஎம்ஜே' இதழில் வந்த சோதனை இந்தத் துறையில் எனக்குப் பிடித்தது. நாள்பட்ட முதுகுவலியால் வேலைக்கு வர முடியாமல் இருந்த 134 பேர். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு, பணியாளரும் மேற்பார்வையாளரும் ஒன்றாக உட்கார்ந்து வேலையில் எங்கே இடிக்கிறது என்று பட்டியல் போட்டு மாற்றும் ஏற்பாடும், படிப்படியாக உடலியக்கத்தைக் கூட்டும் பயிற்சியும். நிலையாக வேலைக்குத் திரும்ப ஆன நாட்களின் நடுமதிப்பு: வழக்கமான குழுவில் 208, மற்றதில் 88. வலியோ இரண்டு குழுவிலும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் குறைந்தது! வலி கூடுதலாகக் குறையாமலே 120 நாள் முன்னதாக வேலைக்கு வந்தார்கள். செலவுக் கணக்கில், போட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் சமூகம் முழுவதற்குமாக 26 பவுண்டு திரும்பியது.

இதற்கு முன்னோடி கனடாவின் ஷெர்ப்ரூக் நகரில் 1997இல் வெளிவந்த சோதனை. முதுகுவலியால் நான்கு வாரத்துக்கு மேல் வேலைக்கு வராதவர்களுக்கு மருத்துவ உதவி, வேலையிட மாற்றம், இரண்டும் சேர்ந்தது என்று பிரித்துப் பார்த்தார்கள். இரண்டும் கிடைத்தவர்கள் 2.41 மடங்கு வேகமாகத் தங்கள் வழக்கமான வேலைக்குத் திரும்பினார்கள். அந்த வேகத்தில் பெரும்பங்கு வேலையிட மாற்றத்துடையது.

நாள்பட்ட நோயில் பலவும் ஒரே சீராக இருப்பதில்லை. ஒற்றைத் தலைவலி, மூட்டுவாதம், குடல் அழற்சி, ஆஸ்துமா இவையெல்லாம் நல்ல வாரம், கெட்ட வாரம் என்று மாறி மாறி வருபவை. "வேலைக்குத் தகுதி, தகுதியில்லை" என்ற இரண்டு கட்டங்களில் இவர்கள் அடங்க மாட்டார்கள். கெட்ட நாளில் இரண்டு மணி நேரம் தள்ளித் தொடங்க அனுமதி இருந்தால் முழு நாள் லீவு தேவைப்படாது. இந்த இடத்தில் நடைப் போட்டியும் போன் அழைப்பும் ஒன்றும் செய்வதற்கில்லை.

வீட்டிலிருந்து வேலை பற்றி ஒரு வார்த்தை. சீனப் பயண நிறுவனம் ட்ரிப்.காமில் 1,612 பேரைக் குலுக்கலில் பிரித்து, ஒரு குழுவை வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டார்கள். 2024இல் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது. வேலை மதிப்பீட்டில் குறைவில்லை, வேலையை விட்டுப் போவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். இது நோயாளிகளை மட்டும் வைத்துச் செய்ததில்லை. ஆனால் "தளர்த்தினால் வேலை கெடும்" என்ற வாதத்துக்கு இதில் பதில் இருக்கிறது.

லீவையும் இதே பையில் போடுகிறேன். லீவு கொடுப்பதை நஷ்டமாக மட்டும் பார்ப்பவர்கள் பிரிட்டனின் வைட்ஹால் ஆய்வைப் படிக்க வேண்டும். லண்டன் அரசு ஊழியர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்த அந்த ஆய்வின் 2005ஆம் ஆண்டு அறிக்கை, உடல்நலம் சரியில்லாத ஆண்களை இரண்டாகப் பார்த்தது. லீவே எடுக்காமல் வேலைக்கு வந்தவர்களுக்குத் தீவிர இதய நோய், மிதமாக லீவு எடுத்தவர்களைவிட இரண்டு மடங்கு வந்தது. லீவு எடுக்காததுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் "100 சதவீத வருகை" விருது கொடுக்கும் நிறுவனங்கள் அதை நிறுத்திவிடலாம்.

பண அளவில் இது மலிவு. அமெரிக்காவில் பணியிட மாற்ற ஆலோசனை தரும் 'ஜாப் அக்காமடேஷன் நெட்வொர்க்' அமைப்பு, தன்னிடம் வந்த நிறுவனங்களைத் தொடர்ந்து கேட்டு வருகிறது. செய்த மாற்றங்களில் ஏறத்தாழ பாதிக்குச் செலவே இல்லை என்கிறார்கள். உதவி தேடி வந்தவர்களின் பதில் என்பதால் கொஞ்சம் நல்ல பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

இனி மறைந்த செலவு. நான்கு வழிகளில் இதற்குத்தான் அது மிக அதிகம். முதலாவது, பணியாளர் தன் நோயைச் சொல்ல வேண்டும். வெளியே தெரியாத நோய் உள்ளவர் சொன்னால் பதவி உயர்வு போய்விடுமோ என்று பயப்படுவார், சொல்லாவிட்டால் சோம்பேறி என்ற பெயர். இரண்டாவது, எல்லாமே மேற்பார்வையாளர் கையில். நல்லவர் வாய்த்தால் கொள்கை எழுதாமலே நடக்கும், இல்லாவிட்டால் எழுதி வைத்த கொள்கையும் தாளோடு நின்றுவிடும். மூன்றாவது, ஒருவர் தூக்காத பாரத்தை இன்னொருவர் தூக்குகிறார். அவருக்கு எதற்கு என்று காரணமும் சொல்ல முடியாது. ஆள் எண்ணிக்கையை இறுக்கமாக வைத்துக்கொண்டு இந்த வழியை அறிவித்தால் குழுவுக்குள் புகைச்சல்தான் மிஞ்சும்.

இதைக் கொஞ்சம் தணிக்க ஒரு வழி உண்டு. நோயின் பெயரைக் கேட்காமல், எந்த வேலையில் சிரமம் என்று மட்டும் கேட்பது. "காலை 10 மணிக்கு முன் கூட்டம் வேண்டாம்" என்று சொல்ல ஒருவர் தன் மருத்துவக் கோப்பைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. நேரத் தளர்வை எல்லோருக்கும் பொதுவாகத் திறந்துவிட்டால், நோயுள்ளவர் தனியாகக் கை தூக்கவே தேவையில்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | 1. வெல்னஸ் | 2. நோய் மேலாண்மை | 3. மருந்துச் செலவு | 4. வேலை மாற்றம் |
|---|---|---|---|---|
| யாரைச் சேருகிறது | பெரும்பாலும் நலமானவர்களை | நோய் கண்டறியப்பட்டவர்களை | மருந்து எடுப்பவர்களை | வேலையில் சிரமப்படுபவர்களை |
| எந்த இழப்பு குறைகிறது | குலுக்கல் சோதனைகளில் எதுவும் இல்லை | மருத்துவச் செலவு, மனச்சோர்வில் மந்தமும் | பணியாளரின் கைச்செலவு | நீண்ட லீவு, ஆள் இழப்பு |
| மிச்சம் யாருக்கு | தெரியவில்லை | மருத்துவச் செலவைக் கட்டுபவருக்கு | பணியாளருக்கு | நிறுவனம், பணியாளர் இருவருக்கும் |
| ஆதாரத்தின் தரம் | உறுதி, ஆனால் பாதகம் | கலவை, மனச்சோர்வில் உறுதி | உறுதி, பலன் சிறிது | முதுகுவலியில் உறுதி, மற்ற நோய்களில் குறைவு |
| மறைந்த செலவு | தனியுரிமை, ஒதுக்கப்பட்ட உணர்வு | கூச்சம், கட்டணம் | குறைவு | வெளிப்படுத்தும் பயம், சக ஊழியர் பாரம் |

நான்காவது வழிக்கு நான் வக்காலத்து வாங்குவதுபோல் தெரிந்தால், கடைசிக்கு முந்தைய வரிசையை மறுபடி பாருங்கள். அதன் நல்ல ஆதாரம் பெரும்பாலும் முதுகுவலியிலிருந்து வருகிறது. சர்க்கரைக்கும் ஆஸ்துமாவுக்கும் அதே அளவு பலன் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை.

## உங்கள் நிலை எது

மருத்துவச் செலவு உங்கள் தலையில், ஆட்கள் ஆயிரக்கணக்கில்: வழி 2. ஆஸ்பத்திரிச் சேர்க்கை குறைந்தால் லாபம் உங்களுக்கே. மருத்துவரோடு நேரடித் தொடர்பு வைக்கும் சேவையை மட்டும் பாருங்கள். எல்லோரையும் சேர்க்க வேண்டாம்.

மருத்துவச் செலவு வேறு யாருக்கோ: வழி 4 முதலில். உங்கள் இழப்பு லீவும் மந்தமும்தான். கூடவே மனச்சோர்வுக்கு மட்டும் வழி 2ஐ எடுத்தால் இணை நன்றாக அமையும்.

50 பேருக்குக் குறைவான நிறுவனம்: எந்தப் பேக்கேஜும் வாங்க வேண்டாம். 20 பேர் உள்ள இடத்தில் "தனிநபர் விவரம் வெளியே வராது" என்பது பேச்சுக்குத்தான், யார் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சியும் நேரத் தளர்வும் போதும்.

இயந்திரமும் ஷிஃப்டும் உள்ள இடம்: வீட்டிலிருந்து வேலை சாத்தியமில்லை, நேரத் தளர்வும் கடினம். இங்கே நெதர்லாந்துப் பாணியில் வேலையைத் துண்டு துண்டாகப் பார்த்து மாற்றுவதும், ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளும் உரிமையும், மாற்று ஆள் இருப்பும் தேவை. அந்த மாற்று ஆளின் சம்பளத்தைத் திட்டத்தின் செலவாகவே எழுதுங்கள். அதைக் கணக்கில் காட்டாததால்தான் பல இடங்களில் இது இரண்டாவது மாதமே நின்றுபோகிறது.

நடைப் போட்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, ஆட்களுக்குப் பிடித்திருக்கிறது: நிறுத்த வேண்டியதில்லை. கேளிக்கைச் செலவுத் தலைப்புக்கு மாற்றிவிட்டால் யாருக்கும் சிக்கல் இல்லை.

## கையெழுத்துப் போடும் முன்

எந்த வழியை எடுத்தாலும், தொடங்குவதற்கு முன்பே, வேலையில் வரும் இழப்பை அளக்கும் ஒரு கேள்வித்தாளைத் தேர்ந்தெடுத்து அதையே கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள். ஆறே கேள்விகளில் கடந்த ஏழு நாளைக் கேட்கும் டபிள்யூ.பி.ஏ.ஐ. (WPAI) என்ற கேள்வித்தாள் எளிது, அடிக்கடி கேட்கலாம். 25 கேள்விகள் உள்ள டபிள்யூ.எல்.கியூ. (WLQ) என்ற இன்னொன்று, நேரம், உடலுழைப்பு, மனம், வேலையின் அளவு என்று எங்கே இடிக்கிறது என்பதைப் பிரித்துக் காட்டும், வழி 4க்கு அது பொருத்தம். நடுவில் கேள்வித்தாளை மாற்றினால், மேலே சொன்ன 1.6க்கும் 14.2க்கும் உள்ள வித்தியாசத்தைத் திட்டத்தின் சாதனையாகவோ தோல்வியாகவோ எண்ணிவிடுவீர்கள். பதில்களில் பெயர் வேண்டாம், பிரிவு வாரியாகப் போதும். தன் மந்தத்தை மேலதிகாரி படிப்பார் என்று தெரிந்தால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

முடிந்தால் எல்லாக் கிளையிலும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். பாதிக் கிளைகளை இந்த ஆண்டும் மீதியை அடுத்த ஆண்டும் என்று வைத்து, எது முதலில் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்தால் உங்களுக்கென்றே ஓர் ஒப்பீட்டுக் குழு செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது. சேவை விற்பவரிடம் கேட்க வேண்டியது இது: "சேர்ந்தவர்களின் முடிவு வேண்டாம். அழைப்பு போன எல்லோரின் முடிவையும், அழைப்பே போகாதவர்களின் முடிவையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்." அந்தத் தாள் அவரிடம் இல்லை என்றால், கட்டணத்தில் ஒரு பகுதியை அந்த ஒப்பீட்டில் வரும் முடிவோடு கட்டிவைக்க அவர் ஒத்துக்கொள்கிறாரா என்று கேளுங்கள்.